போர்க்குற்றத்தில் பங்கெடுத்த மருத்துவர்கள், அவர்கள் மேல் நடந்த வழக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிகளில் படிப்பவர்கள், செவிலியர் மாணவிகள், தருமபுரி அரசு சட்டக் கல்லூரி மாணவர்கள், இரு மாவட்டத்து ஜி.எச்.களில் இரவுப் பணி பார்க்கும் டூட்டி டாக்டர்கள் ஆகியோரை மனதில் வைத்துத் தொகுத்த பக்கம் இது. முதலில் வரலாறு, அடுத்து இந்தியச் சட்டம், கடைசியில் நம் ஆஸ்பத்திரி மேசையில் என்ன எழுத வேண்டும் என்பது. போலீஸ் ஜீப் வாசலில் நிற்கும்போது இதைத் திறந்தவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

"டாக்டர்கள் வழக்கு" என்று எதைச் சொல்கிறார்கள்?

ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் நாஜி மருத்துவர்கள் மேல் 1946 டிசம்பர் 9 அன்று தொடங்கிய வழக்கை. கூண்டில் 23 பேர். அவர்களில் 20 பேர் மருத்துவர்கள். மற்ற மூவரில் ருடால்ஃப் பிராண்ட், எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் தலைவர் ஹிம்லருக்குச் செயலாளர்; விக்டர் பிராக் ஹிட்லரின் அலுவலக அதிகாரி; வோல்ஃப்ராம் சீவர்ஸ் எஸ்.எஸ். படையின் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நிர்வாகி. முதல் பிரதிவாதி கார்ல் பிராண்ட், ஹிட்லருக்கே மருத்துவராக இருந்தவர். இரண்டு பிராண்ட்களையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இருவரும் உறவுக்காரர்கள் அல்ல.

1947 ஆகஸ்ட் 19, 20 தேதிகளில் தீர்ப்பு. 16 பேர் குற்றவாளிகள், 7 பேர் விடுதலை. 7 பேருக்குத் தூக்கு, 5 பேருக்கு ஆயுள், 4 பேருக்கு 10 முதல் 20 ஆண்டு வரை சிறை. தூக்குத் தண்டனை 1948 ஜூன் 2 அன்று லாண்ட்ஸ்பெர்க் சிறையில் நிறைவேறியது.

கோயரிங் முதலான நாஜித் தலைவர்களை விசாரித்தது நான்கு நாட்டு நீதிபதிகள் அமர்ந்த சர்வதேச நீதிமன்றம். இது அதே கட்டடத்தில், அமெரிக்க நீதிபதிகள் மட்டும் அமர்ந்து நடத்திய வேறு வழக்கு. தேர்வில் இதை மாற்றி எழுதுபவர்கள் அதிகம்.

மருத்துவர்கள் மேல் நடந்த முதல் வழக்கு அதுதானா?

இல்லை. ஹாடமார் என்ற மனநல மருத்துவமனை வழக்கு 1945 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. சட்ட மாணவர்கள் இதைத் தவறாமல் படிக்க வேண்டும், ஏனென்றால் அதிகார வரம்பு என்பது எவ்வளவு பெரிய ஓட்டை என்று இதில் தெரியும். அந்த மருத்துவமனையில் கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். பெரும்பாலோர் ஜெர்மன் நோயாளிகள். ஆனால் ஒரு நாடு தன் குடிமக்களுக்குச் செய்ததை அமெரிக்க ராணுவ நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று கருதியதால், அங்கே கொல்லப்பட்ட போலந்து, சோவியத் கூலித் தொழிலாளர்கள் 476 பேரின் கொலைக்கு மட்டுமே வழக்கு நடந்தது. நிர்வாகி அல்ஃபோன்ஸ் கிளைனுக்கும் இரண்டு ஆண் செவிலியர்களுக்கும் தூக்கு. தலைமை மருத்துவர் அடால்ஃப் வால்மானுக்கு வயதைக் காரணம் காட்டி ஆயுள் தண்டனை. தலைமைச் செவிலி இர்ம்கார்ட் ஹூபருக்கு 25 ஆண்டு. ஜெர்மன் நோயாளிகளின் கொலைக்குப் பின்னர் பிராங்க்ஃபர்ட்டில் ஜெர்மன் நீதிமன்றமே தனியாக வழக்கு நடத்தியது.

அதே மாதிரி, டாகாவ் என்ற நாஜிச் சிறை முகாமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்கு மலேரியாவை ஏற்றிய கிளாஸ் ஷில்லிங், டாகாவ் முகாம் வழக்கில் தண்டிக்கப்பட்டு 1946 மே 28 அன்று தூக்கிலிடப்பட்டார். டாக்டர்கள் வழக்கு தொடங்க அப்போது இன்னும் ஆறு மாதம் இருந்தது.

குற்றப்பத்திரிகையில் என்னென்ன இருந்தன?

கூட்டுச் சதி, போர்க்குற்றம், மனித குலத்துக்கு எதிரான குற்றம், எஸ்.எஸ். உறுப்பினராக இருந்தது என நான்கு தலைப்புகள். கூட்டுச் சதியைத் தனிக் குற்றமாக எடுக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது.

செயல்கள் என்று பார்த்தால் இரண்டு வகை. ஒன்று, ஊனமுற்றோர், மனநோயாளிகள் கொலைத் திட்டம். 1940 ஜனவரி முதல் 1941 ஆகஸ்ட் வரை மட்டும் ஆறு இடங்களில் நச்சுவாயு வைத்து 70,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். மற்றொன்று, முகாம் கைதிகள் மேல் நடத்திய சோதனைகள். டாகாவில் கைதிகளை அழுத்தக் கூண்டில் அடைத்து 20 கிலோமீட்டர் உயரத்துக்குச் சமமாகக் காற்றழுத்தத்தைக் குறைத்தார்கள். ஏறத்தாழ 200 பேரில் 70, 80 பேர் இறந்தார்கள். ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் மணிக்கணக்கில் போட்டு வைத்ததில் 80, 90 பேர். 44 பேரைக் கடல் நீர் குடிக்க வைத்துச் சோதித்தார்கள். புக்கன்வால்டில் டைஃபஸ், ஆஷ்விட்சில் கருத்தடை என்று பட்டியல் நீள்கிறது.

ராவென்ஸ்புரூக் பெண்கள் முகாமில் நடந்ததைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். 1942 ஜூனில் ஹைட்ரிஷ் என்ற நாஜித் தலைவர் காயத்தில் சீழ் பிடித்து இறந்தார். சல்ஃபா மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரோ என்று பேச்சு கிளம்பியது. சிகிச்சையை மேற்பார்த்த கார்ல் கெப்ஹார்ட், அந்த மருந்தால் பயனில்லை என்று காட்ட வேண்டிய நெருக்கடிக்கு ஆளானார். போலந்துப் பெண் கைதிகளின் காலைக் கிழித்து, கிருமிகளையும் மரத்தூளையும் கண்ணாடித் துகளையும் உள்ளே வைத்துத் தைத்தார்கள். விடைத்தாள் முதலிலேயே எழுதப்பட்டுவிட்ட சோதனை. உயிர் பிழைத்த நான்கு பெண்கள் 1946 டிசம்பரில் நியூரம்பர்க் வந்தார்கள். நீதிமன்றத்தில் அவர்கள் காலிலிருந்த தழும்பை மருத்துவர் லியோ அலெக்சாண்டர் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி, எந்தத் தசை எடுக்கப்பட்டது என்று எக்ஸ்-ரேயோடு விளக்கினார்.

இவ்வளவு ரகசியமாக நடந்ததை எப்படி நிரூபித்தார்கள்?

காகிதத்தால். வழக்கில் 85 சாட்சிகள் பேசினார்கள். தாக்கலான ஆவணங்களோ ஏறத்தாழ 1,500. மருத்துவர்கள் எழுதும் பழக்கம் உள்ளவர்கள். வெப்பநிலை, நாடித்துடிப்பு, இறந்த நேரம், பிரேதப் பரிசோதனைக் குறிப்பு எல்லாவற்றையும் எழுதிவைத்தார்கள்; மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்கள்; மாநாட்டில் கட்டுரையே படித்தார்கள். உயரச் சோதனை, குளிர்ச் சோதனை இரண்டையும் நடத்திய சிக்முண்ட் ராஷர் 1945 ஏப்ரலில் எஸ்.எஸ். படையாலேயே சுடப்பட்டார், கூண்டுக்கு வரவில்லை. ஆனால் அவர் ஹிம்லருக்கு எழுதிய கடிதங்கள் ஆஸ்திரியாவில் ஹாலைன் ஊரருகே ஒரு குகையில் ஒளித்துவைத்த கோப்புகளோடு சிக்கின. அந்தக் கடிதங்களில் யார் யாருக்கு நகல் அனுப்பப்பட்டது என்ற வரி இருந்தது. பலரைப் பிடித்தது அந்த வரிதான்.

கொலைத் திட்டத்திலும் அப்படியே. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அச்சிட்ட படிவம். பெயர், நோய், எத்தனை ஆண்டாக உள்ளே இருக்கிறார், வேலை செய்ய முடியுமா, யாராவது வந்து பார்க்கிறார்களா என்ற கேள்விகள். மூன்று மனநல மருத்துவர்கள் தனித்தனியாக அதைப் பார்த்து, கீழே இருந்த கட்டத்தில் குறி போடுவார்கள். சிவப்புப் பென்சிலில் கூட்டல் குறி என்றால் மரணம், நீலத்தில் கழித்தல் குறி என்றால் உயிர். நோயாளியை யாரும் நேரில் பார்க்கவில்லை. பிறகு வீட்டுக்கு நிமோனியா என்றோ குடல்வால் அழற்சி என்றோ பொய்க் காரணம் எழுதிய இறப்புச் சான்றிதழ் போகும். குடல்வால் ஏற்கெனவே அகற்றப்பட்டவருக்கும் அந்தக் காரணத்தை எழுதி, உறவினரிடம் மாட்டிக்கொண்டார்கள்.

கடல் நீர்ச் சோதனை நடத்திய வில்ஹெல்ம் பைக்ல்பெக், விசாரணைக் காலத்தில் தன் பழைய குறிப்புகளிலேயே சில வரிகளை அழித்துத் திருத்தினார். குறுக்கு விசாரணையில் அதை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 15 ஆண்டு சிறை.

மேலிடத்து உத்தரவு என்று சொல்லித் தப்ப முடியாதா?

முடியாது. நேச நாடுகள் 1945 டிசம்பரில் போட்ட கட்டுப்பாட்டுக் குழுச் சட்டம் எண் 10 இதைத் தெளிவாகச் சொன்னது: உத்தரவு என்பது பொறுப்பிலிருந்து விடுவிக்காது, தண்டனையைக் குறைக்க மட்டும் உதவலாம். மருத்துவர் விஷயத்தில் இன்னொரு கூடுதல் வாதமும் உண்டு. சிப்பாய்க்கு உத்தரவுதான் தொழில். மருத்துவருக்கு நோயாளி மேல் உள்ள கடமை எந்த உத்தரவுக்கும் முன்பே இருக்கிறது.

எதிர்த் திசையிலும் இது வேலை செய்யும். ராணுவ மருத்துவப் பிரிவுகளுக்கெல்லாம் தலைவராக இருந்த சீக்ஃப்ரீட் ஹண்ட்லோசர் கத்தியே பிடிக்கவில்லை. தெரிந்திருந்தும், தடுக்கும் அதிகாரம் இருந்தும் தடுக்கவில்லை என்பதற்காக ஆயுள் தண்டனை பெற்றார்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வெளிநாடு போக வேண்டியதில்லை. அரூர் வட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் மேல் நடந்த வழக்கை நினைத்துப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடிவதற்குள் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. 2023-இல் அதே தேதியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. அது போரும் அல்ல, மருத்துவர் வழக்கும் அல்ல. ஆனால் அரசுச் சீருடையில், கூட்டமாக, பணி நிமித்தம் போய்ச் செய்ததும் தனித்தனிக் குற்றமாகவே எண்ணப்படும் என்பதற்கு இதைவிடக் கிட்டத்து உதாரணம் கிடைக்காது. தாமதம் யாருக்குச் சாதகம் என்பதற்கும் அந்த 54 என்ற எண்ணே பதில்.

வேறு என்ன வாதம் வைத்தார்கள்?

கைதிகள் தாமாக முன்வந்தார்கள் என்றார்கள். மறுத்தால் சாவு என்ற இடத்தில் சம்மதம் என்று ஒன்று கிடையாது.

அமெரிக்காவிலேயே சிறைக் கைதிகள் மேல் மலேரியா சோதனை நடந்ததே என்று கேட்டார்கள். இது வலுவான அடி. இலினாய் மாநிலத்து ஸ்டேட்வில் சிறையில் அப்படி நடந்தது உண்மைதான். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ராபர்ட் செர்வாட்டியஸ் இதை வைத்து அரசுத் தரப்பைத் திணற அடித்தார். அரசுத் தரப்பு நிபுணர் ஆண்ட்ரூ ஐவியின் பதில் முழுத் திருப்தி தருவதாக இல்லை என்றே சொல்ல வேண்டும்.

அப்போது அதற்கென்று சட்டமே இல்லை என்றும் வாதம் வந்தது. இது பொய். ஜெர்மன் அரசே 1931 பிப்ரவரியில் மனிதச் சோதனைக்கு விதி வெளியிட்டிருந்தது. சம்மதம் கட்டாயம் என்று அதில் இருந்தது. பிரஷ்யாவில் 1900-லேயே ஒரு ஆணை உண்டு. நாஜிகள் மீறியது தங்கள் நாட்டு விதியைத்தான்.

ஏழு பேர் எப்படி விடுதலையானார்கள்?

சந்தேகத்தின் பலன். சீக்ஃப்ரீட் ரூஃப், ரோம்பெர்க், வெல்ட்ஸ் மூவரும் உயரச் சோதனையோடு தொடர்புடையவர்கள். சாகடித்த சோதனைகள் ராஷர் தனியாக நடத்தியவை என்ற வாதத்தை முழுசாக உடைக்க ஆவணம் போதவில்லை.

விசித்திரமானது அடால்ஃப் பொக்கோர்னியின் விடுதலை. ஒரு வெளிநாட்டுச் செடியின் சாற்றைக் கொடுத்து லட்சக்கணக்கான போர்க் கைதிகளுக்கு அவர்களுக்கே தெரியாமல் கருத்தடை செய்யலாம் என்று 1941-இல் ஹிம்லருக்குக் கடிதம் எழுதியவர் இவர். செடி வேறொன்றுமில்லை, நம் வீட்டு வராந்தாவில் அழகுக்கு வைக்கும் டிஃபென்பாக்கியா, சேம்புக் குடும்பம். அந்தத் திட்டம் மனிதர் மேல் நடந்ததற்கு ஆதாரம் இல்லாததால் விட்டார்கள். அவர் சொன்ன சமாதானத்தால் அல்ல, அதையும் மீறியே விடுவிக்கிறோம் என்று தீர்ப்பில் எழுதினார்கள்.

நியூரம்பர்க் விதிகள் என்பவை இந்தத் தீர்ப்பிலா வந்தன?

ஆமாம், தீர்ப்பின் ஒரு பகுதி. பத்து விதிகள். முதலாவது, தானாகத் தரும் சம்மதம். ஒன்பதாவது, சோதனைக்கு உட்பட்டவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். பத்தாவது, ஆபத்து தெரிந்தால் நடத்துபவரே நிறுத்த வேண்டும். மருத்துவ ஆராய்ச்சி நெறிமுறைக்கான 1964 ஹெல்சிங்கி பிரகடனமும், இன்று உங்கள் கல்லூரி நெறிமுறைக் குழு கேட்கும் சம்மதப் படிவமும் இந்தக் கிளையில் வந்தவை. படிவத்தை நோயாளிக்குப் புரியும் தமிழில், தெலுங்கோ கன்னடமோ பேசுபவர் என்றால் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் அந்த மொழியில், படித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கினால் முதல் விதியே போயிற்று.

தண்டிக்கப்பட்டவர்கள் முழுத் தண்டனை அனுபவித்தார்களா?

பெரும்பாலோர் இல்லை. பனிப்போர் தொடங்கியதும் மேற்கு ஜெர்மனியின் தயவு அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டது. 1951-இல் தண்டனைகள் வரிசையாகக் குறைந்தன. கூண்டிலிருந்த ஒரே பெண்ணான ஹெர்ட்டா ஓபர்ஹாய்சருக்கு 20 ஆண்டு 10 ஆகி, 1952-இல் வெளியே வந்து, வடக்கு ஜெர்மனியில் ஒரு கிராமத்தில் குடும்ப மருத்துவராகக் கிளினிக் போட்டார். ராவென்ஸ்புரூக்கிலிருந்து உயிர் தப்பியவர் ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார். 1958-இல் உரிமம் ரத்தானது. தண்டனை பெற்றவுடன் உரிமம் தானாகப் போய்விடும் என்று நினைக்காதீர்கள். அது தனி நடவடிக்கை, யாராவது புகார் கொடுத்தால்தான் நகரும்.

பிடிபடாதவர்கள்?

ஆஷ்விட்ஸ் முகாம் மருத்துவர் மெங்கலே 1949-இல் அர்ஜென்டினாவுக்கு ஓடி, 1979-இல் பிரேசில் கடலில் மூழ்கி, வேறு பெயரில் புதைக்கப்பட்டார். 1985-இல் தோண்டியெடுத்த எலும்புகளை 1992-இல் டி.என்.ஏ. சோதனை உறுதிசெய்தது. அதே முகாமில் கருத்தடை செய்த ஹோர்ஸ்ட் ஷூமான் கானா நாட்டில் மருத்துவராக இருந்தார். 1966-இல் நாடு கடத்தப்பட்டு, வழக்கு தொடங்கி, உடல்நிலை காரணமாக நின்றுபோய், 1972-இல் வெளியே வந்து 1983 வரை உயிரோடு இருந்தார். அங்கே அதே வேலையைச் செய்த கார்ல் கிளவ்பெர்க் ரஷ்யச் சிறையிலிருந்து 1955-இல் திரும்பி வந்து தன் சாதனையைப் பத்திரிகைகளிடம் பெருமையாகப் பேசினார்; கைதானார்; வழக்கு வருமுன் 1957-இல் இறந்தார். மனநோயாளிகள் கொலைத் திட்டத்துக்கு மருத்துவத் தலைவராக இருந்த வெர்னர் ஹைடே பொய்ப் பெயரில் பல ஆண்டு மருத்துவ நிபுணராக நீதிமன்றங்களுக்கே அறிக்கை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்து அதிகாரிகள் பலருக்கு விஷயம் தெரியும்.

ஜப்பானின் 731-ஆம் பிரிவுக்கு என்ன ஆயிற்று?

ஹார்பின் நகரத்தை ஒட்டிய பிங்ஃபாங்கில் ஷிரோ இஷி என்ற ராணுவ மருத்துவரின் தலைமையில் நடந்த கிருமிப் போர் ஆய்வுக்கூடம் அது. குறைந்தது 3,000 கைதிகள் அங்கே செத்தார்கள். 1945 ஆகஸ்டில் கட்டடங்களைத் தகர்த்துவிட்டு ஓடினார்கள். மீதிக் குறிப்புகளையும் தங்கள் வாய்மொழியையும் அமெரிக்காவுக்குக் கொடுத்து, பதிலாக வழக்கிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டார்கள். இஷி 1959-இல் தொண்டைப் புற்றுநோயால் இறந்தார், கூண்டில் ஒரு நாளும் நிற்கவில்லை. நியூரம்பர்க்கில் தூக்குக்குக் காரணமான அதே வகைக் காகிதம், டோக்கியோவில் விற்பனைச் சரக்கானது. இரண்டையும் நடத்தியது ஒரே நாடு என்பதை மாணவர்கள் மறக்கக் கூடாது.

சோவியத் யூனியன் 1949 டிசம்பர் கடைசியில் கபரோவ்ஸ்க் நகரில் 12 பேரை விசாரித்து 2 முதல் 25 ஆண்டு வரை தண்டித்தது. வெறும் பிரச்சாரம் என்று மேற்குலகம் அன்று ஒதுக்கியது. அங்கே சொல்லப்பட்டதில் பெரும்பகுதி உண்மை என்பது பின்னர் தெளிவானது. 2002 ஆகஸ்டில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றமே கிருமிப் போர் நடந்ததை ஏற்றுக்கொண்டது. இழப்பீடு மட்டும் மறுத்தது.

கியூஷு பல்கலைக்கழகத்தில் 1945-இல் பிடிபட்ட அமெரிக்க விமானிகள் எட்டுப் பேரை உயிரோடு அறுத்த வழக்கு தனி. 1948-இல் யோகோஹாமாவில் 23 பேருக்குத் தண்டனை, ஐவருக்குத் தூக்கு. யாரும் தூக்கிலிடப்படவில்லை.

அந்தச் சோதனைகளின் முடிவுகளை இன்று பயன்படுத்தலாமா?

குளிர்ச் சோதனையைத்தான் எப்போதும் கேட்பார்கள். 1990-இல் அதை வரி வரியாக ஆராய்ந்தபோது கணக்கு ஒத்துப்போகவில்லை, உடல் வெப்பம் குறைந்த வேகம் பற்றிய தகவல் அறைகுறை, பொய்யும் கலந்திருக்கிறது என்று தெரிந்தது. நெறிமுறை விவாதத்துக்கே போக வேண்டாம். அறிவியலாகவே அது தேறாது.

இந்தக் காலத்தில் யாராவது தண்டிக்கப்பட்டார்களா?

ருவாண்டாவின் முகோனெரோ மருத்துவமனை மருத்துவர் ஜெரார் டகிருட்டிமானாவுக்கு, தன் மருத்துவமனையில் தஞ்சம் புகுந்தவர்கள் கொல்லப்பட்டது உள்ளிட்ட 1994 இனப்படுகொலைக் குற்றங்களுக்காக, ஐ.நா. நீதிமன்றம் 2003 பிப்ரவரியில் 25 ஆண்டு விதித்தது. மகப்பேறு மருத்துவர் சொஸ்தென் முன்யெமானாவுக்கு பாரிஸ் நீதிமன்றம் 2023 டிசம்பரில் 24 ஆண்டு. 2024 அக்டோபரில் இன்னொரு ருவாண்டா மருத்துவருக்கு அதே பாரிஸில் 27 ஆண்டு. சிரியாவின் ராணுவ மருத்துவமனைகளில் கைதிகளைச் சித்திரவதை செய்த எலும்பு மருத்துவர் ஒருவர் ஜெர்மனிக்கு வந்து அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 2020-இல் கைது, 2025 ஜூனில் பிராங்க்ஃபர்ட்டில் ஆயுள் தண்டனை. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எங்கள் மண்ணில் விசாரிப்போம் என்ற சட்டம் ஜெர்மனியில் இருப்பதால் இது சாத்தியமானது.

இந்தியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் பூட்டு அரசின் கையில். 1960-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம், பிரிவு 3: ஒப்பந்தங்களின் கடும் மீறலை இந்தியாவுக்கு உள்ளோ வெளியோ யார் செய்தாலும், உடந்தையாக இருந்தாலும் குற்றம். வேண்டுமென்றே கொன்றால் மரண தண்டனை அல்லது ஆயுள். மற்றவற்றுக்கு 14 ஆண்டு வரை. கடும் மீறல்கள் பட்டியலில் சித்திரவதையோடு உயிரியல் சோதனைகளும் பெயர் சொல்லியே இருக்கின்றன. டாக்டர்கள் வழக்கின் தடம் அது. சிக்கல் பிரிவு 17-இல்: அரசோ அரசு குறிப்பிடும் அதிகாரியோ புகார் தந்தால் ஒழிய நீதிமன்றம் வழக்கை எடுக்க முடியாது. பாதிக்கப்பட்டவர் தானாகப் போய்த் தாக்கல் செய்ய வழியில்லை.

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சட்டத்தில் இந்தியா சேரவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தில் 1997-இல் கையெழுத்திட்டும் உறுதிசெய்யவில்லை. போர்க்குற்றத்துக்குக் காலவரம்பு கிடையாது என்ற 1968 ஒப்பந்தத்தில் மட்டும் 1971-இல் சேர்ந்தது.

மருத்துவ கவுன்சில் விதியில்?

2002-ஆம் ஆண்டு தொழில் நடத்தை விதிகள், பிரிவு 6.6. மருத்துவர் சித்திரவதைக்கு உதவக் கூடாது, உடல், மன வதையில் பங்கெடுக்கக் கூடாது, வேறொருவர் செய்த சித்திரவதையை மறைக்கவும் கூடாது. கவனிக்க வேண்டியது கடைசிப் பகுதி. அடித்தவர் வேறு, மறைத்தவர் நீங்கள் என்றால் அதற்கே நடவடிக்கை உண்டு. 2023-இல் வந்த புதிய விதிகள் அந்த ஆகஸ்டிலேயே நிறுத்திவைக்கப்பட்டதால் பழையவையே நடைமுறைக்குத் திரும்பின.

நம் ஜி.எச்.சில் போர் ஏது? இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?

இரவு இரண்டு மணிக்கு ரிமாண்டுக்கு முன் ஒருவரைக் கூட்டிவந்து, "சார், ஃபிட்டுன்னு ஒரு கையெழுத்து" என்று கேட்கும்போது உங்கள் முன் இருப்பது இதன் சிறு வடிவம். 2020 ஜூன் சாத்தான்குளம் சம்பவத்தில் ரிமாண்டுக்கு முன் கொடுத்த மருத்துவச் சான்றும் பெரிய கேள்வியானது நினைவிருக்கும்.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 53-இன்படி கைதானவரை உடனே அரசு மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். பெண் என்றால் பெண் மருத்துவர், அல்லது அவர் மேற்பார்வையில். காயம், அது ஏற்பட்டிருக்கக்கூடிய நேரம் இரண்டையும் பதிய வேண்டும். அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தர வேண்டும். தேவை என்று பட்டால் இன்னொரு பரிசோதனைக்கும் அந்தப் பிரிவே இடம் தருகிறது. காவலில் இருக்கும் வரை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை பரிசோதனை என்பது டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது.

செய்முறை இதுதான். காவலரைப் பேச்சு கேட்காத தூரத்துக்கு அனுப்புங்கள். ஓடிவிடுவார் என்று பயந்தால் கதவுக்கு வெளியே, கண்ணாடி வழியே பார்த்தபடி நிற்கட்டும். கைவிலங்கைக் கழற்றச் சொல்லி மணிக்கட்டைப் பாருங்கள். சட்டையை மட்டும் தூக்கிப் பார்ப்பது பரிசோதனை அல்ல. ஆளின் சம்மதத்தோடு முழுசாக, உள்ளங்கால், பிட்டம், தொடையின் பின்புறம், காதின் பின்புறம் வரை பாருங்கள். லத்தி அடி பெரும்பாலும் உள்ளங்காலிலும் பிட்டத்திலும்தான் இருக்கும், உட்கார்ந்த ஆளிடம் தெரியாது. உள்ளங்காலில் வீக்கம் இருந்தால் நடக்க வைத்துப் பாருங்கள். சிறுநீர் சிவந்தோ பழுப்பு நிறத்திலோ போகிறதா என்று கேளுங்கள். பலத்த அடியில் தசை நசுங்கிச் சிறுநீரகம் கெடும். அப்படி என்றால் ஃபிட் அல்ல, அட்மிஷன்.

எழுதும்போது ஒவ்வொரு காயத்துக்கும் எண் போட்டு, நீள அகலம் சென்டிமீட்டரில், அருகிலுள்ள எலும்பு முனையிலிருந்து எவ்வளவு தூரம், என்ன நிறம் என்று எழுதுங்கள். இரண்டு கோடு இணையாக, நடுவில் தோல் வெளிறிய கன்றல் இருந்தால் அப்படியே விவரியுங்கள். தடியால் வந்தது என்பதை அந்த விவரமே சொல்லிவிடும். நிறத்தை வைத்து எத்தனை நாள் பழசு என்று அடித்துச் சொல்லாதீர்கள், குறுக்கு விசாரணையில் நிற்காது. உடல் வரைபடத்தில் குறியுங்கள். ஆள் சொன்னதை அவர் வார்த்தையிலேயே மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். "கீழே விழுந்ததாகக் காவலர் கூறினார்" என்றால் கூறியவர் காவலர் என்பது தெரிய வேண்டும். நோயாளியின் வாக்குமூலம் போல எழுதிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. கூட்டிவந்தவரின் பெயர், காவலர் எண், வந்த நேரம், அனுப்பிய நேரம் எல்லாம் விபத்துப் பதிவேடான ஏ.ஆர். பதிவேட்டிலேயே இருக்கட்டும். வெற்றுத் தாளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு ஸ்டாஃப் நர்ஸிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகும் பழக்கம் எங்காவது இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

திருத்தச் சொல்லி அழுத்தம் வந்தால்?

எழுதியதை அடிக்காதீர்கள், கிழிக்காதீர்கள். விட்டுப்போனது இருந்தால் கீழே தேதி, நேரத்தோடு கூடுதல் குறிப்பாகச் சேருங்கள். யார், எப்போது, போனிலா நேரிலா கேட்டார் என்று ஒரு வரி எழுதி, நிலைய மருத்துவ அதிகாரியான ஆர்.எம்.ஓ.வுக்கும் கண்காணிப்பாளருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வாய்மொழியாகச் சொன்னது பிறகு யாருக்கும் நினைவிருக்காது. ஒருவரைத் தண்டனையிலிருந்து காப்பாற்ற அரசு ஊழியர் பொய்ப் பதிவு எழுதினால் பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) என்ற தண்டனைச் சட்டத்தின் பிரிவு 256-இன்படி மூன்று ஆண்டு வரை சிறை. அந்தப் பிரிவு கேட்பது எழுதியவர் யார் என்பதைத்தான். கேட்டுக்கொண்ட இன்ஸ்பெக்டர் அப்போது உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்.

செவிலியர், லேப் டெக்னீஷியனுக்கும் பொறுப்பு உண்டா?

உண்டு. ஹாடமாரில் தூக்கில் தொங்கியவர்களில் மருத்துவர் யாரும் இல்லை, இரண்டு செவிலியர்களும் ஒரு நிர்வாகியும்தான். ஊசி போட்ட கை யாருடையது என்றும் பார்த்தார்கள்.

எதிர்த்தரப்புப் போராளிக்குச் சிகிச்சை கொடுத்தால் அதுவும் உடந்தையா?

கிருஷ்ணகிரி, தருமபுரியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருப்பதால் இந்தக் கேள்வி இங்கே அதிகம் வரும். உடந்தை ஆகாது. காயம்பட்டவர் யாராக இருந்தாலும் சிகிச்சை கொடுப்பது மருத்துவக் கடமை; அதற்காக யாரையும் தண்டிக்கக் கூடாது என்று ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977-ஆம் ஆண்டு கூடுதல் நெறிமுறைகள் இரண்டும் சொல்கின்றன. இந்தியாவும் இலங்கையும் அவற்றில் சேரவில்லை. 2009-இல் வன்னியில் கடைசி வரை மருத்துவமனை நடத்தி, சாவு எண்ணிக்கையை வெளியே சொன்ன அரசு மருத்துவர்கள் கைதாகி, ஜூலையில் கொழும்பில் பத்திரிகையாளர் முன் அந்த எண்ணிக்கையை மறுத்துப் பேச வைக்கப்பட்டார்கள். ஆகஸ்டில் ஜாமீனில் வந்தார்கள். சிகிச்சை கொடுத்ததையும் ஆயுதம் கடத்தியதையும் ஒன்றாக்கி வழக்கு போடுவது பல நாடுகளில் உண்டு. அதனால் சிகிச்சைக்கு வந்தவரின் காயம், கொடுத்த மருந்து, அனுப்பிய நேரம் இவற்றை மட்டும் சுத்தமாகப் பதிந்து வையுங்கள். அவர் அரசியல் என்ன என்பதற்குக் கேஸ் ஷீட்டில் பத்தி கிடையாது.